பாச்சா உருண்டையும் பத்தாயிரம் வருஷமும்

போன தீபாவளிக்கு இங்க மலேசியாவுல பட்டர்வொர்த்ல பெரிய மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். என் வீட்டுக்காரரோட பெரியப்பா அவரு, நான் பெரிய மாமான்னுதான் கூப்பிடுவேன். 78 வயசு, இன்னிக்கும் மோட்டோர் ஓட்டிக்கிட்டு பசாருக்குப் போய் மீன் வாங்கிட்டு வருவாரு. நிபோங் திபால் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்துல, அதான் தொழிலாளிங்க குடியிருந்த வரிசை வீட்டுல, பொறந்து வளர்ந்தவரு. சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் முறுக்கு தட்டைய சுத்தி உக்காந்திருந்தப்ப நான் வழக்கம் போல மாமிகிட்ட, அலமாரியில பாச்சா உருண்டை (துணிக்கு நடுவுல போடுற நாப்தலின் உருண்டை) ஏதும் போட்டிருக்கீங்களா, பையன் அந்த ரூமுக்குள்ள ஓடுறான்னு கேட்டேன். அப்பத்தான் மாமா சொன்னாரு, "எங்க அம்மா பத்து பெத்தா, ஆறு தங்குச்சு, தங்குனது எல்லாம் இரும்பு. இப்ப போக வேண்டியதெல்லாத்தையும் மருந்து குடுத்து நிறுத்தி வச்சிருக்கீங்க, அதான் மனுஷ ஜாதியே தேஞ்சிக்கிட்டு வருது."

மாமா மனசுல கெட்டது எதுவும் கெடையாது, என் பையன் மேல உசுரா இருக்கிற மனுஷன். ஆனா அந்த "போக வேண்டியது"ங்கிற வார்த்தை எனக்குள்ள எங்கயோ குத்திக்கிட்டு நின்னுடுச்சு. அன்னிக்கு ஒண்ணும் பதில் பேசல. மூணு நாலு மாசமா ராத்திரியில பையன் தூங்குனதுக்கு அப்புறம் இதைப் பத்திதான் படிச்சுக்கிட்டு இருக்கேன், அதான் இங்க எழுதுறேன்.

என் பையனுக்கு ஜி6பிடி குறைபாடு, ரத்தத்துச் சிவப்பு அணுவைக் காப்பாத்துற ஒரு என்சைம் கம்மி. இந்த நாட்டுல பிள்ளை பெத்தவங்களுக்கு இந்தப் பேரு தெரியும், பொறந்த உடனே தொப்புள் கொடி ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. மறுநாள் மிஸ்ஸி (நர்ஸ்) வந்து சொன்னாங்க, பிள்ளைக்கு இந்த என்சைம் கம்மியா இருக்கு, மஞ்சள் காமாலை வர சான்ஸ் அதிகம், சில நாள் வச்சுப் பாக்கணும்னு. வந்துச்சு. கண்ணைக் கட்டி நீல லைட்டுக்கு அடியில படுக்கப் போட்டாங்க. அந்த லைட்டுக்கே ஒரு கதை இருக்கு, 1956-ல இங்கிலாந்துல ரோச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில வார்டுன்னு ஒரு சிஸ்டர், பிள்ளைங்கள வெளிய வெயில்ல கொண்டு போய் வைப்பாங்களாம், வெயில் பட்ட இடத்துல மட்டும் மஞ்சள் போயிருக்கிறதை அவங்கதான் கவனிச்சாங்க. அதுல இருந்து வந்ததுதான் இன்னிக்கு எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கிற அந்த லைட்டு. ஒரு நர்ஸம்மா பிள்ளைங்கள வெயில்ல காட்டினதால இன்னிக்கு எத்தனை பிள்ளைங்க உசுரோட இருக்குன்னு நெனச்சா எனக்கு இப்பவும் கண்ணு கலங்கும்.

வீட்டுக்கு வரும்போது ஒரு கார்டு குடுத்தாங்க. உபாட் கெகாட் கூடாது, அதாவது நம்ம பாச்சா உருண்டை, அப்புறம் ஃபாவா பீன்ஸ் கூடாது, சில நாட்டு மருந்து, சில மாத்திரை கூடாது. மத்தபடி எல்லாப் பிள்ளை மாதிரியும் ஓடலாம் ஆடலாம். நாலு வயசு வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. அப்புறம் ஒரு தடவை சொந்தக்காரங்க வீட்டுல ராத்தங்குனோம், மழைக் குளிருக்குப் பையனுக்கு ஒரு பழைய கம்பளி போத்தி விட்டாங்க, வருஷக்கணக்கா பாச்சா உருண்டைக்கு நடுவுல மடிச்சு வச்சிருந்த கம்பளி அது. எனக்கு வாசனை தெரிஞ்சப்ப விடிஞ்சிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு பையன் வெளுத்துப் போய் சுருண்டு படுத்திருக்கான், மூத்திரம் கோலா கலர்ல போகுது. ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணு எல்லாம் ஒடஞ்சு வெளிய வந்தா அப்படித்தான் போகும். ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்துனாங்க, யாரோ முகம் தெரியாத ஒருத்தர் குடுத்த ரத்தம், ஏத்தி முடிக்க முடிக்க ஒதட்டுல கலர் வந்ததை நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். இப்ப அவனுக்கு ஏழு வயசு.

இந்தக் குறைபாடு அம்மா வழியா மகனுக்குப் போறது. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, பையனுக்கு எக்ஸ் ஒண்ணே ஒண்ணுதான், அது அம்மா குடுத்தது. அதனால அவனுக்குப் போனது என்கிட்ட இருந்து. இதை ஏத்துக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, என் ரத்தத்துல ஏதோ கெட்டுப் போனது இருக்குன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் படிக்கப் படிக்கத்தான் தெரியுது, உலகத்துல 40 கோடி பேருக்கு மேல இது இருக்கு. கெட்டுப் போனதுன்னா இத்தனை பேருகிட்ட எப்படித் தங்கும், எப்பவோ அழிஞ்சிருக்கணுமே. அப்படியே உலக மேப்பை எடுத்துப் பாத்தா, ஆப்பிரிக்கா, மத்திய தரைக்கடல் சுத்தி, இந்தியா, நம்ம தென்கிழக்கு ஆசியா, எங்கெல்லாம் காலங்காலமா மலேரியா ஆடுச்சோ அங்கெல்லாம்தான் இது கூடுதல். மலேரியா கிருமி குடித்தனம் பண்றதே சிவப்பு அணுவுக்குள்ளதான். இந்த என்சைம் கம்மியா இருக்கிற அணுவுக்குள்ள அதுக்கு வசதி பத்தல, சீக்கிரமே அந்த அணு ஒடஞ்சுடும், இல்ல ஒடம்பே அதைக் கழிச்சுக் கட்டிடும். அதனால கொசுக்கடியில மத்தவங்க செத்த எடத்துல இது இருந்தவங்க கொஞ்சம் கூடுதலா பொழச்சாங்க, பிள்ளை பெத்தாங்க. தாய்லாந்து பர்மா எல்லையில இருக்கிற காரென் மக்கள்கிட்ட ஆராய்ச்சி பண்ணினதுல அவங்ககிட்ட இருக்கிற வகை சுமார் 1500 வருஷத்துக்குள்ள பரவுனதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. 1500 வருஷம்னா நம்ம கடாரத்துல, அதான் இப்ப கெடா, பூஜாங் பள்ளத்தாக்குல கோயில் கட்டிக்கிட்டு இருந்த காலம். அந்த அளவுக்குக் கிட்டத்துல நடந்த பரிணாமம் இது, குகை மனுஷன் காலத்தோட முடிஞ்சு போனது இல்ல.

அப்ப என் பையன் ரத்தத்துல இருக்கிறது ஒரு கவசம். கொசு இருக்கிற ஊருக்குச் செஞ்ச கவசம், கொசு போய் பாச்சா உருண்டை வந்த வீட்டுல அது பாரமாயிடுச்சு. 1950-கள்ல அமெரிக்காவுல இலினாய் மாநிலத்து ஸ்டேட்வில் ஜெயில் கைதிங்களுக்கு ப்ரைமாகுயின்னு ஒரு மலேரியா மருந்து குடுத்துப் பாத்தாங்க, அதுல சில பேருக்கு மட்டும் ரத்தம் ஒடஞ்சுது. ஏன்னு தேடிப் போய்தான் 1956-ல இந்த என்சைம் விஷயமே வெளிய வந்துச்சு. மலேரியாவுக்கு எதிரா ஒடம்பு தானே செஞ்சுகிட்ட ஏற்பாடு, மலேரியா மாத்திரை சாப்பிட்டதாலதான் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்ப மாமா சொன்ன லயத்துக்கு வர்றேன். தங்குனது எல்லாம் இரும்புன்னாரே, அங்க யாரு செத்தா ஏன் செத்தாங்கன்னு பாக்கணும் இல்லையா. ரப்பருக்காக மலைக்காட்டை வெட்டுனாங்க, நிழல்ல ஓடிக்கிட்டு இருந்த ஓடையில வெயில் விழுந்துச்சு, அந்த வெயில் விழுற ஓடைத் தண்ணியிலதான் இங்க மலேரியா பரப்புற ஒரு கொசு முட்டை போடும். அதாவது காட்டை வெட்டி லயம் கட்டுனப்ப கொசுவுக்கும் சேத்துத்தான் வீடு கட்டிக் குடுத்திருக்காங்க. அந்தக் காலத்துல கிள்ளான்ல மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர், 1901-ல வேலைக்கு வந்தவரு, ஊரே காய்ச்சல்ல விழுந்து கெடக்கு. அவரு சதுப்பு நிலத்தை வடிய வைக்க வாய்க்கால் வெட்டச் சொன்னாரு. கிள்ளான்லயும் போர்ட் சுவெட்டன்ஹாம்லயும் (அதைத்தான் இப்ப போர்ட் கிள்ளான்னு சொல்றோம்) அடுத்த வருஷமே சாவு கால்வாசிக்கு இறங்கிடுச்சு. அதே ஜனம், அதே ரத்தம், ஒரு வருஷத்துல யாரும் இரும்பா மாறிடல. தண்ணி வடிஞ்சுது, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, இது படிச்சப்ப எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல. அதே காலத்துல இந்த நாட்டுல சீனத் தொழிலாளிங்க பெரிபெரி நோய்ல கொத்துக் கொத்தா செத்துக்கிட்டு இருந்தாங்க, காலு வீங்கும், நடக்க முடியாது, நெஞ்சு அடைச்சுப் போயிடுவாங்க. தமிழ் ஆளுங்களுக்கு அவ்வளவா வரல. அப்ப யாராவது ஒரு மாமா இருந்திருந்தா இது இரும்பு ரத்தம், அது சொத்தை ரத்தம்னு சொல்லியிருப்பாரு. 1905-ல கோலாலம்பூர் மனநல ஆஸ்பத்திரியில ஃப்ளெட்சர்னு ஒரு டாக்டர் நோயாளிங்கள ரெண்டா பிரிச்சாரு, பாதிப் பேருக்குத் தீட்டின வெள்ளை அரிசி, பாதிப் பேருக்கு நம்ம ஆளுங்க ஊர்ல இருந்து பழகி வந்த புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி சாப்பிட்டவங்கள்ல நெறைய பேருக்கு பெரிபெரி, செத்தும் போனாங்க. புழுங்கல் சாப்பிட்டவங்களுக்கு அநேகமா ஒண்ணுமே இல்ல. நெல்லை அவிக்கிறப்ப உமிப் பக்கத்துல இருக்கிற சத்து அரிசிக்குள்ள எறங்கிடுது, அதான் விஷயம், அந்தச் சத்துக்கு தயாமின்னு பேரு வச்சதெல்லாம் பின்னாடி. ஒரு ஜனத்தோட பலம்னு வெளிய தெரிஞ்சது ஒரு பானைச் சோறு. (அந்த நோயாளிங்ககிட்ட யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டாங்க, அதையும் மறக்க முடியல.)

இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் இப்ப எல்லாரும் புலம்புறதைப் பாக்கிறேன். பிள்ளைங்களுக்கு எல்லாம் கண்ணாடி, தாடை சின்னதாகி பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, நாப்பது வயசுலயே இனிப்பு நீர், அதான் சர்க்கரை நோய். உண்மைதான், நம்ம வீடுகள்ல இனிப்பு நீர் இல்லாத குடும்பம் எது. 2019-ல நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்குல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இருந்துச்சு. ஆனா எங்க பாட்டி காலத்துக்கும் எங்க காலத்துக்கும் நடுவுல ஜீன் மாற நேரம் ஏது, ரெண்டு தலைமுறைதான். மாறுனது தட்டும் நாற்காலியும். கண்ணும் அப்படித்தான், தைவான்ல 2010-க்கு அப்புறம் ஸ்கூல் பிள்ளைங்கள தினம் 120 நிமிஷம் வெளிச்சத்துல வெளிய விடச் சொன்னாங்க, கிட்டப்பார்வை ஏறிக்கிட்டே போனது மட்டுப்பட்டுச்சு. நார்வேயில பட்டாளத்துக்கு எடுக்கிற பசங்க ஐக்யூ குறைஞ்சுகிட்டு வருதுன்னு பெரிய பேச்சு ஆச்சு, 2018-ல அதை நோண்டிப் பாத்தவங்க அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவுலயே அதே எறக்கம் இருக்குன்னு காட்டுனாங்க. ஒரே அப்பா ஒரே அம்மா, அப்ப அது ரத்தம் இல்ல, சூழ்நிலை. சூழ்நிலைன்னா நம்மால மாத்த முடியும், வாய்க்கால் வெட்டுன மாதிரி.

அப்ப பரிணாமம் நின்னு போச்சான்னா அதுவும் இல்ல. சபாவுல செம்பூர்ணா போனவங்க கடல் மேல வீடு கட்டி வாழுற பாஜாவ் மக்களைப் பாத்திருப்பீங்க. அதே பாஜாவ் மக்கள் இந்தோனேசியாவுல சுலவேசியில இருக்காங்க, அவங்ககிட்ட ஸ்கேன் எடுத்துப் பாத்து 2018-ல எழுதுனாங்க, பக்கத்து ஊர்ல விவசாயம் பண்றவங்களை விட இவங்க மண்ணீரல் பாதி அளவு கூடுதல் பெருசு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்குறப்ப மண்ணீரல் சுருங்கி அதுல இருக்கிற ரத்தத்தை வெளிய விடும், ஆக்சிஜன் கொஞ்சம் கூட கெடைக்கும். முங்காத பாஜாவ் ஆளுங்களுக்கும் பெருசாத்தான் இருக்கு, அதனால பழக்கத்துல வந்தது இல்ல, வழிவழியா வந்தது. திபெத்துல உயரமான எடத்துல வாழ உதவுற ஜீன் ஒண்ணு டெனிசோவன்னு அழிஞ்சு போன வேற மனுஷ இனத்துகிட்ட இருந்து கலந்து வந்ததாம். காலையில மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரேக், அதான் ஆத்தின பால் டீ, குடிச்சா ஒரு சிலருக்கு வயிறு கடமுடங்கும், ஒரு சிலருக்கு ஒண்ணும் ஆகாது, அதுவும் இதேதான், பெரியவங்களான அப்புறமும் பாலைச் செரிக்கிற சக்தி மாடு வளர்த்த ஜனங்ககிட்ட கடந்த 10,000 வருஷத்துக்குள்ள பரவுனது, ஐரோப்பாவுல ஒரு ஜீன் மாத்தத்தால, கிழக்கு ஆப்பிரிக்காவுல வேற மாத்தங்களால.

இதுல எது ஏத்தம் எது எறக்கம்? பெரிய மண்ணீரல் இருக்கிறவரு பினாங்கு மலை மேல ஏறுறதுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. எடத்துக்குத் தக்கன ஆகுறதுதான் நடக்குது, மேல போற படிக்கட்டே அங்க கெடையாது. படிக்கட்டே இல்லாத எடத்துல எறங்குறோம்னு எப்படிச் சொல்றது.

மாமா பக்கத்துல ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடணும். ஒவ்வொரு பிள்ளையும் அப்பா அம்மாகிட்ட இல்லாத 60, 70 புது ஜீன் மாத்தத்தோட பொறக்குது, அப்பாவுக்கு வயசு ஏற ஏற அது கூடும். பெரும்பாலும் எதுவும் பண்ணாது, சிலது கெடுதல். முன்ன சாவு அதுல சிலதை வடிகட்டிச்சு, இப்ப இந்த நாட்டுல 1970-ல 1000 குழந்தையில 39 பேரு ஒரு வயசுக்குள்ள போனது இன்னிக்கு 6, 7-ன்னு குறைஞ்சிருச்சு. அந்தச் சுமை மெல்ல ஏறுமேன்னு 1950-லயே முல்லர்னு நோபல் வாங்கின விஞ்ஞானி கவலைப்பட்டிருக்காரு. நியாயமான கவலைதான். ஆனா அது நூத்துக்கணக்கான வருஷத்துல அங்குலம் அங்குலமா நகர்ற விஷயம். வடிகட்டியும் முழுசா போயிடல, எத்தனையோ கரு வயித்துல தங்காமலே கலைஞ்சு போயிடுது. 1970-ல ஒரு அம்மாவுக்கு அஞ்சு பிள்ளை கிட்ட, 2022-ல 1.6. யாரு எத்தனை பெத்துக்கிறாங்கன்னு வித்தியாசம் இருக்கிற வரைக்கும் பரிணாமம் அந்த வழியா நடந்துகிட்டுத்தான் இருக்கும்.

ஆனா அந்தக் கவலையைக் கையில எடுத்துக்கிட்டு "போக வேண்டியதை" முடிவு பண்ணக் கெளம்புனவங்க கதையும் இருக்கு. 1927-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே புத்தி மந்தம்னு முத்திரை குத்தின ஒரு பொண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை பண்ணலாம்னு தீர்ப்பு சொல்லுச்சு. 1933-ல ஜெர்மனியில நாஜிங்க சட்டமே போட்டு சுமார் 4 லட்சம் பேருக்குப் பண்ணாங்க, அப்புறம் கொல்லவே ஆரம்பிச்சாங்க. இதுக்கு மேல இதை எழுத எனக்கு மனசு வரல.

ரெண்டு வாரம் முன்ன ஸ்கூல் லீவுல பையனைக் கூட்டிக்கிட்டு லெங்கோங் போனோம். கோலகங்சார்ல எறங்கி கெரிக் ரோட்டைப் பிடிச்சா ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு மலை, வழியில கடைங்கள்ல பெக்காசாம் (புளிக்க வச்ச) மீன் போட்டு வச்சு விப்பாங்க. அங்க ஒரு சின்ன மியூசியம். உள்ள இருக்கிறவருதான் பேராக் மனிதன், அப்படிப் பேரு வச்ச ஒரு பழைய எலும்புக்கூடு. 1991-ல நம்ம பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல இருந்து போன சுரைனா மஜித் அம்மா குழுதான் குனுங் ருந்து குகையில கண்டுபிடிச்சாங்க. பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால வாழ்ந்தவரு. கால மடக்கிப் படுக்க வச்சு, சுத்தி ஆத்து நத்தை ஓடு, கல்லு ஆயுதம், எறைச்சி எல்லாம் வச்சு மரியாதையா அடக்கம் பண்ணியிருக்காங்க.

அவரோட இடது கையைப் பாக்கணும். பொறவியிலேயே ஊனம். விரல் எலும்பு குட்டையா இருக்கு, கையே சூம்பிப் போயிருக்கு. வேட்டையாடிச் சாப்பிடுற காலம் அது, ஆஸ்பத்திரி இல்ல, கார்டு குடுக்க மிஸ்ஸி இல்ல. அந்தக் கையோட பொறந்த பிள்ளையை யாரோ ஒரு அம்மா போக விடாம வளர்த்திருக்கா, அவ போனதுக்கு அப்புறம் வேற யாராரோ பாத்திருக்காங்க, அந்த மனுஷன் நாப்பது வயசு தாண்டி வாழ்ந்திருக்காரு. செத்தப்ப அந்தக் குகையில அவ்வளவு மரியாதையா ஒரு அடக்கம். நான் அந்தக் கண்ணாடி கிட்ட ரொம்ப நேரம் நின்னேன். மருந்து வந்ததாலதான் பலவீனமானதெல்லாம் தங்குதுன்னு சொல்றோமே, மருந்துன்னு ஒண்ணு வர்றதுக்குப் பத்தாயிரம் வருஷம் முன்னாலயே மனுஷன் அப்படித்தான் இருந்திருக்கான். பையன் அவன் கையை விரிச்சு கண்ணாடிக்கு நேரா வச்சு அளந்து பாத்துக்கிட்டு இருந்தான்.

வர்ற வழியில பட்டர்வொர்த்ல மாமா வீட்டுல எறங்குனோம். வாக்குவாதம் பண்ணணும்னு போகல, படம் காட்டினேன், அந்தக் கையைப் பத்திச் சொன்னேன். அப்புறம் கேட்டேன், மாமா, பத்துல ஆறு தங்குச்சுன்னீங்களே, போன நாலு பேரு யாரு யாருன்னு. கொஞ்ச நேரம் பேசல. ரெண்டு பேரு கைக்குழந்தையிலேயே, ஒரு தம்பி பேதியில. மூத்த அக்கா ஒருத்தி, அப்பா அம்மா பால்மரம் வெட்டப் போறப்ப இவரை இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவ, எட்டு வயசோ ஒம்பது வயசோ, குளிர் காய்ச்சல் வந்து மூணே நாள்ல போயிட்டாளாம். "அவ ரொம்ப கெட்டிக்காரிம்மா, தண்ணி வாளிய ரெண்டு கையிலயும் தூக்குவா"ன்னாரு. அதுக்கு மேல அவரும் பேசல நானும் கேக்கல. மாமி தேத்தண்ணி கொண்டாந்து வச்சாங்க.

என் தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவ டேட்டு, பையன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. எங்க அம்மா வழியா என்கிட்ட வந்திருந்தா அவகிட்டயும் வந்திருக்க பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்கு, அதனால பொறந்த உடனே டெஸ்ட் ரிசல்ட்டை மறக்காம கேக்கச் சொல்லி வச்சிருக்கேன். போன சனிக்கிழமை அவ வீட்டுக்குப் போய் அலமாரி மூணையும் காலி பண்ணி, பட்டுப்புடவையில இருந்து கம்பளி வரைக்கும் எல்லாத்தையும் ரெண்டு தடவை வெளுத்து வெயில்ல போட்டுட்டு வந்தோம். மாமாவும் கூட வந்திருந்தாரு. மேல் தட்டுல மூலையில ஒரு உருண்டை மிச்சம் கெடந்ததை அவருதான் ஸ்டூல் மேல ஏறிக் கண்டுபிடிச்சு பிளாஸ்டிக் பையில சுத்தி வெளிய கொண்டு போய் போட்டாரு.